பட்டறைக் கேள்விகள்: சீல் மாற்றியும் இறங்கும் பக்கெட்

கேள்வி: ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கிறேன். எங்கள் பழைய மினி லோடரில் ஜல்லி அள்ளித் தூக்கி நிறுத்தினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பக்கெட் ஒரு சாண் இறங்கிவிடுகிறது. காலையில் குறைவு, மதியத்துக்கு மேல் அதிகம். வெளியே எங்கும் ஆயில் சொட்டவில்லை. இரண்டு லிஃப்ட் சிலிண்டருக்கும் சீல் கிட் மாற்றியும் பலனில்லை. 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 68 ஊற்றலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: லோடைத் தூக்கி வைத்துவிட்டா டீ குடிக்கப் போகிறீர்கள்? முதலில் அதை நிறுத்துங்கள். வண்டியை விட்டு இறங்கினால் பக்கெட் தரையில் இருக்க வேண்டும். தூக்கி வைத்துத்தான் வேலை என்றால் பக்கெட்டைத் தாங்கும் ஆர்முக்கு உண்டான இரும்பு லாக்கைப் போடாமல் யாரும் கீழே போகக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பக்கெட் இறங்கினால் மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை எந்தப் பட்டறையிலும் முதலில் சீலைத்தான் சொல்வார்கள். ஆனால் சிலிண்டருக்குள் ராட் நுனியில் இருக்கும் பிஸ்டனின் சீல் போய், அடிப்பக்க ஆயில் பிஸ்டனைத் தாண்டி ராட் பக்கம் கசிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பகுதி இடத்தை ராட் அடைத்துக்கொண்டிருக்கிறது. வருகிற ஆயில் முழுக்கக் கொள்ளாது. மிச்சம் வெளியேற வழி இருந்தால்தான் ஆர்ம் இறங்கும். வெளியே சொட்டும் இல்லை என்கிறீர்கள். அப்போது வழி, லீவர் இயக்கும் கண்ட்ரோல் வால்வுதான்.

வால்வுக்குள் முன்பின் நகர்ந்து ஆயிலுக்கு வழி திறந்து மூடும் உருளைதான் ஸ்பூல். அதைத் தாண்டி ஆயில் போகாமல் தடுக்க ரப்பர் சீல் கிடையாது. ஸ்பூலும் துளையும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருப்பதுதான் தடுப்பு. அதனால் புது வண்டியிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆயிலில் சிமென்ட் தூசி கலந்தால் அந்த நெருக்கம் தேய்ந்துவிடும். மதியம் ஆயில் சூடாகி இளகினால் கசிவு கூடும். நீங்கள் சொல்லும் அடையாளமும் அதுதான்.

வால்வைக் கழற்றுமுன் லீவரைப் பாருங்கள். கம்பி வளைந்தோ பின் தேய்ந்தோ ஸ்பூல் நடுவுக்கு வராமல் அரை நூல் தள்ளி நின்றாலே ஆர்ம் இறங்கும். இதைச் சரிசெய்யக் காசே ஆகாது. அப்புறம் வால்விலுள்ள போர்ட் ரிலீஃபை, அதாவது பிரஷர் அளவு மீறினால் ஆயிலைத் திறந்துவிடும் சின்ன வால்வை, கழற்றிப் பாருங்கள். ஒரு துணுக்கு மண் சிக்கியிருந்தாலும் போதும்.

புது சீல் மேல் சந்தேகம் இருந்தால், பக்கெட்டைத் தரையில் வைத்து, ராட் முழுக்க உள்ளே போனபின் எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டிப் பிரஷரை விடுங்கள். ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாயில் ஸ்டீல் பிளக் போடுங்கள். எஞ்சினைப் போட்டு லீவரை இறக்கும் பக்கம் பிடித்தால், திறந்த வாயில் ஆயில் நிற்காமல் ஓடக்கூடாது. ஓடினால் சீல் சரியில்லை. பேரல் நடுவில் தேய்ந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது. கசிவை எக்காரணம் கொண்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைப் பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும்.

ஸ்பூல் தேய்ந்தேவிட்டது என்றால் அதை மட்டும் தனியாக மாற்றிப் பயனில்லை, துளையோடு சேர்ந்த அந்த வால்வு செக்‌ஷனையே மாற்ற வேண்டும். லேத்தில் கொடுத்து மெருகேற்றினால் இடைவெளி இன்னும் கூடும். 68 ஆயில் இறக்கத்தைச் சற்றுக் குறைக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது. மேனுவல் 46 என்றால் 46 ஊற்றுங்கள், ஃபில்டரையும் கையோடு மாற்றுங்கள்.