ஆகஸ்டில் மணாலி: ‘365 நாளும் சாகசம்’ என்ற விளம்பரத்தை நம்பலாமா?

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். சுதந்திர தின விடுமுறையை ஒட்டி மணாலி போக ஓர் ஏஜென்ட் பாதி விலைக்கு பேக்கேஜ் தருகிறார். ஊருக்குச் சற்றுத் தள்ளி, பள்ளத்தாக்கில் ஓட்டல். ‘365 நாளும் பாராகிளைடிங், ராஃப்டிங், பனி விளையாட்டு’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இமாச்சலப் பிரதேசத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்கும் ராஃப்டிங்கும் அரசு உத்தரவுப்படி நிறுத்தப்படும். மழைக்காலத் தடை அது. உங்கள் தேதி அதன் நட்டநடுவில் விழுகிறது. ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. பாதி விலை ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பனியும் கிடையாது. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு. ஓட்டலைச் சுற்றிப் பனி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில்தான் போக வேண்டும். ஆகஸ்டில் அங்கே இருப்பது மழையும் மண்சரிவும். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு கரையை உடைத்துக்கொண்டு குலு–மணாலி நெடுஞ்சாலையையே பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. அறை ஜன்னலைத் திறந்தால் ஆறு என்று படம் போட்டு விற்கிற ஓட்டல்களை மழைக்காலத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஓட்டல் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், அது உண்மைதான். பள்ளத்தாக்குக்குத் தனிக் காலண்டர். அதை நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால் போதும். உங்களுக்கு நான் சொல்வது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் மழை விலகி வானம் தெளிந்திருக்கும், தடையும் முடிந்திருக்கும். ஆற்றில் வண்டல் கலங்கல் குறைந்திருக்கும். குலு பக்கம் பிர்டியில் ராஃப்டிங், டோபியிலோ சோலாங்கிலோ பாராகிளைடிங், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நடை, எல்லாம் ஒரே பயணத்தில் அமையும். மே மாதம் போனால் மணாலிக்கு மேலே உள்ள ரோஹ்தாங் கணவாயில் பனியைத் தொடலாம், ஆனால் பாதி நாள் டிராஃபிக்கில் போய்விடும். அரையாண்டு விடுமுறையில் குளிர் உறுதி, ஓட்டல் வாசலில் பனி உறுதியில்லை.

ரோஹ்தாங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். ரோஹ்தாங் கணவாய் 3,978 மீட்டர். அங்கே சுற்றுலா வண்டி ஏற பர்மிட் வேண்டும். பசுமைத் தீர்ப்பாய உத்தரவால் நாளுக்கு 1,200 வண்டிதான், அதில் 800 பெட்ரோல், 400 டீசல். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். இந்த பர்மிட் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. ‘தலைக்கு இவ்வளவு பர்மிட் சார்ஜ்’ என்று பில்லில் இருந்தால் உங்களை மொட்டையடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, 9.02 கிலோமீட்டர், இதே கணவாய்க்கு அடியில் போகிறது. அந்த வழியே சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கும் சிஸ்ஸு கிராமம் வரை போய்வர ரோஹ்தாங் பர்மிட் வேண்டாம். செவ்வாய்க்கிழமையும் போகலாம். மேலே ஏறினால் பர்மிட், உள்ளே நுழைந்தால் இல்லை. பேக்கேஜில் ‘ரோஹ்தாங்’ என்று மட்டும் எழுதி, பர்மிட் காசும் வாங்கிக்கொண்டு, சுரங்கம் வழியாக அழைத்துப்போய் ‘இதுதான் சார் ரோஹ்தாங்’ என்று இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஏஜென்டிடம் ஒரே கேள்வி: கணவாய்க்கு மேலேயா, சுரங்கத்துக்கு உள்ளேயா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

பர்மிட்டை நீங்களே இணையத்தில் எடுக்கலாம் என்று அரசு சொல்கிறது. சீசனில் முயன்று பாருங்கள், ஒதுக்கீடு திறந்த வேகத்திலேயே தீர்ந்திருக்கும். அதே நாள் பர்மிட் டாக்ஸி ஸ்டாண்டில் கூடுதல் விலைக்குத் தாராளமாகக் கிடைக்கும். எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பாராகிளைடிங் தடையும் அப்படித்தான். உத்தரவு ஆண்டுதோறும் வருகிறது, ‘365 நாள்’ விளம்பரத்தை எடுக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

இன்னும் ஒன்று. ‘சோலாங் வேலி இன்க்ளூடட்’ என்றால் வண்டி உங்களைப் பார்க்கிங்கில் இறக்கிவிடும் என்று மட்டுமே பொருள். ரோப்வே, ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர பைக்) எல்லாம் தனிக் காசு. போகிற வழியில் டிரைவர், குளிர் உடை வாடகைக்கு விடும் கடை ஒன்றின் முன்னால் தானாகவே நிறுத்துவார். கொத்துக் கொத்தாகத் தொங்கும் சிவப்பு, நீல கோட்டுகள். பாதிக்கு ஜிப் ஏறாது, கம் பூட்ஸுக்குள் முந்தைய ஆளின் ஈரம் காயாமல் இருக்கும். ‘மேலே ரொம்பக் குளிரும்’ என்று வண்டியிலிருப்பவர்கள் எல்லோருக்கும் மாட்டிவிடுவார்கள். வாடகையில் டிரைவருக்குப் பங்கு. காலடியில் பனி இல்லாத மாதத்தில் ஸ்வெட்டரும் ஷூவும் போதும். இறங்காமலே ‘வேண்டாம், போகலாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

பாராகிளைடிங்குக்கு ஏஜென்டிடம் முன்பணம் தரவே வேண்டாம். காற்று சரியில்லாவிட்டால் பறக்க முடியாது, பணமும் திரும்பாது. தளத்துக்குக் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று முறுக்கும். பைலட்டின் பதிவு அட்டை, ஹெல்மெட், ரிசர்வ் பாராசூட் மூன்றையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பெல்ட் மாட்டச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் பறக்க வேண்டாம். வீடியோ காசு தனி, அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அம்மாவை ரோஹ்தாங் உச்சிக்கு அழைத்துப் போக வேண்டாம். தொட்டபெட்டாவைவிட 1,300 மீட்டருக்கு மேல் உயரம், ஒரே காலையில் ஏறுகிற ஏற்றம். சிஸ்ஸு ஏறக்குறைய 3,100 மீட்டர். மணாலியில் இரண்டு இரவு தங்கிவிட்டு, மருத்துவரும் சரி என்றால் அதுவரை அழைத்துப் போகலாம். டெல்லியிலிருந்து வோல்வோ பஸ்ஸில் இரவு முழுக்கப் பயணம் என்பதால் மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி டிக்கியில் போய்விட்டால் மணாலி வரும்வரை கைக்கு எட்டாது.