சிவப்பு பெயிண்ட் வெளுத்ததற்குப் பதில்

தம்பி, அந்த மாடல் காரின் பாடியைத் தூக்கி வீசிவிடாதீர்கள். சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டின் பின்புறம், சாயங்கால மழை விட்ட கையோடு 1/24 அளவு ஸ்கைலைன் பிளாஸ்டிக் மாடல் காருக்குத் தாமியா டிஎஸ் (TS) ஸ்ப்ரே டின் சிவப்பை அடித்தேன், காய்ந்ததும் பால் படிந்த மாதிரி வெளுத்துப் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். பெயிண்டில் குறை இல்லை, எல்லாம் ஈரக் காற்றின் வேலை. டிஎஸ் லாக்கர் வகை, அதாவது சீக்கிரம் காயும் பெயிண்ட், அதில் உள்ள கரைப்பான் மளமளவென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு நாள் தொடாமல் காயவிடுங்கள். அப்புறம் நல்ல வெயில் ஏறிய நண்பகலில், மாஸ்க் போட்டு, காற்றோட்டமான நிழலில் அதே சிவப்பை மெல்லிசாக ஒரு பூச்சு அடியுங்கள். புது லாக்கர் பழையதை இளக்குவதால் ஈரம் வெளியேறி வெளுப்பு பெரும்பாலும் போய்விடும். டின்னை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் ஸ்ப்ரே சன்னமாக வரும், ஆனால் கொதிநீர் வேண்டவே வேண்டாம், டின் வெடிக்கும். அப்படியும் மிஞ்சுகிற இடத்தை 2000 கிரிட் என்கிற மிக நைசான உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம், ஓரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கேதான் பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்து பிளாஸ்டிக் தெரியும்.

டிகால் (மாடலில் ஒட்டும் மெல்லிய படத்தாள்) ஒட்டிய பிறகு டிஎஸ்-13 கிளியரை, அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சை, முதல் பூச்சிலேயே கனமாக அடித்தால் டிகால் சுருங்கிவிடும், தூசி தூவுவது போலத் தொடங்குங்கள்.

பெரிய ரிம் (சக்கர வளையம்) போடலாமா என்று கேட்டீர்களே, தாராளமாகப் போடலாம். சிவப்பை மறுபடி அடிக்கும் முன்பே ரிம்மை சேசிஸில் (காரின் அடிச்சட்டம்) மாட்டி பாடியை மேலே வைத்துப் பாருங்கள், உரசினால் வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடியின் வளைவு) உள்பக்கத்தை இப்போதே சுரண்டிவிடலாம்.