வாஞ்சை யாருக்கு உரியது?

கேள்வி: எங்கள் தமிழ்வழிப் பள்ளி ஆண்டுவிழாவுக்கான வரவேற்புத் தட்டியில், 'வருகை தரும் ஏ.இ.ஓ. அவர்களை வாஞ்சையோடு வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தேன் (ஏ.இ.ஓ. என்பவர் இங்குள்ள உதவிக் கல்வி அதிகாரி). உடன் பணியாற்றும் மலையாள ஆசிரியை படித்துவிட்டுச் சிரித்தார். வாஞ்சை என்றால் தீராத ஆசைதான், அதை அன்பு என்ற பொருளில் எழுதுவது பிழை, 'வாத்சல்யம்' என்றாவது மாற்றுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
– தமிழாசிரியர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பதில்: அவர் சிரித்தது நியாயம், சொன்ன காரணம் பாதிதான் நியாயம். 'வாஞ்சா' என்ற வடசொல்லுக்கு விருப்பம், வேட்கை என்பதே பொருள், மலையாளம் அதை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறது. தமிழிலும் அச்சொல் அந்தப் பொருளோடுதான் வந்து சேர்ந்தது. மான் நீரோடைகளை 'வாஞ்சித்துக்' கதறுவதாகத் தமிழ் வேதாகமத்தின் 42ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அங்கே இருப்பது தாகம், தடவிக்கொடுத்தல் அன்று. நன்னிலத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீவாஞ்சியத்தின் தலபுராணமும், திருமகளைத் திருமால் வாஞ்சித்துத் தவமிருந்த இடம் என்றே ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்கிறது.

ஆனால் வேட்கையைக் குறிக்கும் சொல்லை எடுத்துப் பிள்ளைப் பாசத்துக்குக் கொடுத்துவிடுவது தமிழின் பழைய வழக்கம். 'ஆசையாய் வளர்த்த பிள்ளை' என்னும்போது அந்த ஆசையில் பேராசையின் சாயல் சிறிதும் இல்லை. பழந்தமிழில் 'காதலன்' என்ற சொல்லுக்கு மகன் என்றும் பொருள் உண்டு. (உங்கள் ஆசிரியையிடம் 'காதல்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், மரத்தின் நடுவைரம் என்பார். ஒரே எல்லையின் இரு பக்கமும் ஒரே சொல் இப்படித்தான் வேறு வேறு வேலை பார்க்கிறது.) அந்த வழியில்தான் வாஞ்சையும் சென்றது. இதில் ஒரு வேடிக்கை, பெயர்ச்சொல் மட்டுமே பொருள் மாறியது, வினைச்சொல் மாறவில்லை. 'பாட்டி பேரனின் தலையை வாஞ்சையோடு வருடினாள்' என்று எவரும் எழுதலாம். 'பாட்டி பேரனை வாஞ்சித்தாள்' என்று எழுதினால் தமிழ்ப் பக்கத்திலும் சிரிப்பார்கள்.

ஆகவே பொருளில் நீங்கள் பிழை செய்யவில்லை. செய்த பிழை, ஆளைத் தேர்ந்ததில். இன்றைய தமிழில் வாஞ்சை பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குவது, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு, மனிதரிடமிருந்து கன்றுக்கும் நாய்க்குட்டிக்கும். அதன் அருகில் எப்போதும் ஒரு கை இருக்கும், தலையைக் கோதியபடியோ முதுகைத் தடவியபடியோ. பரிவு தோன்ற எதிரில் ஒரு துன்பம் வேண்டும், வாஞ்சைக்கு அது வேண்டியதில்லை. பாசத்துக்கு உரிமையும் கோபமும் உண்டு, கயிறு என்ற பழைய பொருளை அது இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை. கனிவு முன்பின் தெரியாதவரிடமும் காட்டத்தக்கது, அதனால்தான் ரயில் நிலையத்தில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்கிறார்கள். 'வாஞ்சையான கவனத்திற்கு' என்று அறிவித்தால் பயணிகள் நடைமேடையை விட்டு விலகி நிற்பார்கள். ஏ.இ.ஓ.வை வாஞ்சையோடு வரவேற்கும் பள்ளி, அவரைக் கன்னத்தில் தட்டி உள்ளே அழைத்துப் போவதாக ஆகிறது.

ஆசிரியை சொல்லும் மாற்றம் இதைவிட மோசம். 'வத்ஸம்' என்றால் கன்று. ஈன்ற பசு கன்றின் மேல் காட்டும் பரிவே வாத்சல்யம், அதனால்தான் வைணவ உரைகாரர்கள் அடியவர் குற்றத்தையும் பொறுக்கும் பெருமாளுக்கு அந்தக் குணத்தை உரியதாக்கினார்கள். அதைத் தட்டியில் எழுதினால் அதிகாரி கன்றாகிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாஞ்சை எழுத்தில் வாழும் சொல், பேச்சில் அது மிக அரிது. உங்கள் பகுதியில் எந்த வீட்டுத் திண்ணையிலும் 'அம்மிச்சிக்குப் பேரன் மேல வாஞ்சை' என்று கேட்டிருக்க மாட்டீர்கள். 'உசுரு' என்பார்கள், 'பிரியம்' என்பார்கள். எழுதுகிறவர்கள் அதைக் கண்ட இடத்திலெல்லாம் தெளிப்பதால் நெகிழ்ச்சி கூடிவிடுவதில்லை, எங்கள் அலுவலகத்துக்கு வரும் சிறுகதைகளில் பாதி இதற்குச் சாட்சி.

தட்டியை மாற்ற நேரமிருந்தால் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று எழுதுங்கள், அதிகாரிக்கு அது போதும். வாஞ்சையை, பரிசு வாங்க மேடையேறிவிட்டு இறங்கும் படியைத் தேடித் திகைத்து நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.