விண்டோஸ் 7-இல் குரோம் அப்டேட் ஆகவில்லை, அப்படியே பயன்படுத்தலாமா?

விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109-தான். 2023 பிப்ரவரியில் வந்த 110-க்குக் குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். அதனால் அப்டேட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

தளங்கள் திறக்கத்தானே செய்கின்றன என்று விட்டுவிடாதீர்கள். புதிய பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்ததும், அதன் விவரம் மெல்ல வெளியே வந்துவிடும். அடைக்காத பழைய பிரவுசர்களைக் குறிவைப்பவர்களுக்கு அதுவே வழிகாட்டி. நெட் பேங்கிங்கை இதில் செய்யவே வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எனவே பழைய கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போடுவதே என் தேர்வு. 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும். அதிலுள்ள ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து அப்டேட் ஆகிவிடும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.