ஹப்பை மாற்றுவதற்கு முன் ஹோஸைப் பாருங்கள்

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் ஸ்விட்சைத் திருப்பினால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் முன் சக்கரம் இழுப்பதில்லை. இறங்கிப்போய், முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்பின் நடுவில் உள்ள குமிழைக் கையால் 'லாக்' பக்கம் திருப்பினால் நன்றாக இழுக்கிறது. இரண்டு ஹப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையால் திருப்பினால் இழுக்கிறது என்றால் ஹப்பின் பற்கள், ஆக்சில், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் வேலை செய்கின்றன. டாஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது டிரான்ஸ்ஃபர் கேஸ் மாறிவிட்டதை மட்டும்தான் சொல்லும், ஹப் லாக் ஆனதா என்று அதற்குத் தெரியாது. ஸ்விட்சைத் திருப்பும்போது ஹோஸ் வழியாகக் காற்றை உறிஞ்சி ஹப்பை லாக் செய்வது வேக்குவம், சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

கேஜ் வைத்த கை வேக்குவம் பம்ப் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள், அது இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம். சக்கரத்துக்குப் பின்னால், சக்கரத்தைத் தாங்கி ஸ்டீரிங்கோடு திரும்பும் நக்கிளில் வந்து சேரும் ஹோஸைக் கழற்றி, நக்கிள் பக்கம் பம்பை மாட்டி கேஜில் 15 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுத்து ஒரு நிமிடம் பாருங்கள். முள் அப்படியே நின்று, ஹப்பும் லாக் ஆனால் அந்தப் பக்கத்தில் குறை இல்லை. முள் நின்றும் லாக் ஆகவில்லை என்றால்தான் ஹப்புக்குள் கோளாறு, அதுவும் பழைய கிரீஸ் இறுகியதாக இருக்கலாம், முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். முள் இறங்கினால் ஹப்பைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கை மாற்றுங்கள், விலையும் குறைவு, வேலையும் குறைவு. அதற்கும் நிற்கவில்லையா, நக்கிளுக்குள் ஆக்சில் மேல் உட்காரும் சீல் போயிருக்கும். அதற்கு நிறையப் பிரிக்க வேண்டும் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள்.

அப்புறம் ஹோஸ். அதன் மறுமுனையை சொலினாய்டு (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) பக்கம் கழற்றி அடைத்துவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள், செய்யும்போது ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், ஏனென்றால் நேராக இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு ஒடிக்கும்போதுதான் வாய் திறக்கும். பலர் இதைத் தவறவிட்டுவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டாம். இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது, அதனால் நுரை வராது, தண்ணீர்தான் உள்ளே போகும். சேற்றுத் தண்ணீரும் இதே வழியில்தான் ஹப்புக்குள் இறங்குகிறது.

இன்ஜின் ஓடும்போது ஹோஸில் கேஜை வைத்துப் பார்த்தால் ஒன்று கவனியுங்கள். குமிழோடு வரும் இந்த வகையில் ஸ்விட்சைத் திருப்பியதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் வேக்குவம் வரும், பிறகு நின்றுவிடும். பிறகு கேஜ் பூஜ்யம் காட்டினால் அது குறையில்லை.

கேள்வி: என் டிரக்கில் டூ வீலில் போகும்போதே, அதுவும் மேடு ஏறும்போது மட்டும், முன் சக்கரத்தில் கரகரவென்று அரைக்கும் சத்தம். பெட்ரோல் இன்ஜின்தான். பேரிங்கா?

பதில்: பேரிங் என்றால் சமதளத்திலும் சத்தம் வரும். உங்களுடையது மேலே சொன்னதற்கு நேர் எதிர் வகையாக இருக்க வேண்டும். ஃபோர்டு 2004 எஃப்-150-இல் கொண்டுவந்த அமைப்பு மாதிரி, வேக்குவம் இருக்கும்வரை ஹப் விலகி நிற்கும், வேக்குவம் போனால் ஸ்பிரிங் தள்ளி லாக் ஆகிவிடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜினின் வேக்குவம் விழும். அந்த நேரத்தில் வேக்குவத்தைச் சேமித்து வைக்கும் டேங்கும், அதைத் தப்பவிடாமல் தடுக்கும் செக் வால்வும்தான் தாங்க வேண்டும், அவற்றில் ஒன்று கசிந்தால் பற்கள் பாதி கோத்தும் கோக்காமலும் உரசும். செக் வால்வில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். டேங்க்கைக் கை பம்பால் சோதியுங்கள். இரண்டும் சரி என்றால் மேலே சொன்ன ஹோஸ், சீல் சோதனைகள்தான். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், இந்தச் சத்தத்தோடு ஓட்டும் ஒவ்வொரு மேட்டிலும் பற்கள் தேய்கின்றன, தேய்ந்த பிறகு ஹப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை.