அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊர் இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் மாற்றலாகி அருணாசலப் பிரதேசம் பாசிகாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த இடத்தின் வரலாறு தெரியவேண்டுமே என்று ராபர்ட் ரீட் எழுதிய எல்லைப்புற வரலாற்றை வாங்கினேன். ஐம்பது பக்கம் தாண்டவில்லை. படை போனது, அபராதம் போட்டது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஆதி இனப் பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் எங்கள் ஊர் இருக்கிறதா?" என்று கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியதைப் படித்து என்ன பயன்? வேறு புத்தகங்கள் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரீட் அசாமின் ஆளுநராக இருந்தவர். 1942இல் வெளிவந்த அவருடைய புத்தகம் 1883 முதல் 1941 வரையிலான அரசுக் கோப்புகளின் சுருக்கம். அதைக் கதைபோல முதலிலிருந்து படித்தால் யாருக்கும் சலிக்கும். ஆனால் மூடி வைத்துவிடாதீர்கள். பெரியவருடைய மக்களை அதில் 'ஆதி' என்று தேடியிருப்பீர்கள், கிடைக்காது. 'அபோர்' என்று தேடுங்கள். அடங்காதவர் என்று பொருள்படச் சமவெளிக்காரர்கள் வைத்த பெயர் அது. அங்குள்ள இன்னொரு இனத்தவரான நிஷிகளுக்கு 'டஃப்லா'. ஒரு மக்களை அவர்களுடைய பெயரால் தேட முடியாத வரலாறு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால், அந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பது பிடிபட்டுவிடும்.

'போசா' என்ற சொல் வரும் இடங்களில் நிதானியுங்கள். அசாமை ஆண்ட அகோம் மன்னர்கள் மலைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பொருளாகக் கொடுத்துவந்தது போசா. பிரிட்டிஷார் அதைத் தொடர்ந்து கொடுத்தார்கள், பிறகு பணமாக மாற்றினார்கள். மிரட்டிப் பறிக்கும் காசு என்று அதை எழுதிய அதிகாரிகள் உண்டு. மலைக்காரர்களுக்கோ அது அடிவாரத்தில் தங்களுக்கு இருந்த உரிமை. நம் தென்பாண்டிச் சீமையில் ஊர்களைக் காப்பதற்காகப் பாளையக்காரர்கள் வாங்கிய தேசகாவல் பணத்தைக் கம்பெனி அதிகாரிகள் கொள்ளை என்று எழுதியதை அறிந்த நமக்கு இது புரியாமல் போகாது. உரிமையைக் கேட்டு இறங்கி வந்தவன் கோப்பில் கொள்ளைக்காரனாகப் பதிவாகிறான். 1884இல் வெளியான அலெக்சாண்டர் மெக்கன்சியின் தொகுப்பு இந்தப் பழைய விவகாரங்களுக்கு ரீடைவிட மேல்.

நீங்கள் அங்கே போக வாங்கிய இன்னர் லைன் பெர்மிட்கூட 1873ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வந்ததுதான். தேயிலைத் தோட்டக்காரர்களும் ரப்பர் வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து தகராறு இழுத்துவிடாமல் தடுக்கப் போட்ட கோடு அது.

அடுத்து 1911. உங்கள் ஊருக்கு மேலே சியாங் நதிக்கரையில் கோம்சிங் என்ற ஊர். அங்கேதான் நோயல் வில்லியம்சன் என்ற அதிகாரி மார்ச் மாதம் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் போன மருத்துவர் கிரெகர்சனும் கொல்லப்பட்டார். கூட வந்தவர்களில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்போது வில்லியம்சன் கடிதமும் கொடுத்துவிட்டாராம். வெள்ளை உறை, கறுப்பு ஓரம், சிவப்பு அரக்கு முத்திரை. எடுத்துப் போனவன் வழியிலிருந்த ஊரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம் சொல்லி, தண்டிக்கப் படை வரப்போகிறது என்று பெருமையடித்தான், அதில்தான் எல்லாம் பற்றிக்கொண்டது என்று ஒரு கதை பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்தக் கதை போதாது. வில்லியம்சனைக் கொன்றவர் மத்மூர் ஜாமோ என்ற ஆதி இனத்தவர். அவமானப்பட்ட அந்த மனிதரின் கோபத்தை அரக்கு முத்திரையில் ஒட்டி முடித்துவிடுகிறது இந்தக் கதை. அவ்வாண்டின் கடைசியிலேயே பெரும் படையெடுப்பு நடந்தது. ஜாமோ அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார். கோப்பில் கொலையாளி, இன்றைய அருணாசலத்தில் விடுதலை வீரர். அந்த அத்தியாயத்தைப் பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள், பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வேறு புத்தகங்கள் கேட்டிருந்தீர்கள். மானிடவியலாளர் வெரியர் எல்வின் 1959இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளைத் தொகுத்த நூல் ஒன்று உண்டு. ரீடுக்கு முன்னால் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். அங்குள்ள அபதானி இனத்தவரைப் பற்றி மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் எழுதியவை இருக்கின்றன. ஆனால் மனதாரச் சொல்கிறேன், முதலில் மமாங் தாய் எழுதிய 'தி பிளாக் ஹில்' நாவலைப் படியுங்கள். பாசிகாட்டுக்காரர், ஆதி இனத்தவர். 1854இல் திபெத்துக்குப் போகும் வழியில் கொல்லப்பட்ட பிரெஞ்சுப் பாதிரியார் க்ரிக்கின் கதை. கோப்புகளில் கொலைகாரன் என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கும் மிஷ்மி இன மனிதனுக்கு அதில் காதலும் குடும்பமும் நிலமும் இருக்கின்றன.

கடைசியாக கிந்தூப். சிக்கிமைச் சேர்ந்த இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திபெத்தின் சாங்போவும் அசாமின் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்று கண்டறிய 1880இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையால் ஒரு லாமாவுடன் அனுப்பப்பட்டார். லாமா இவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டான். தப்பித்து, ஒரு மடத்தில் தஞ்சம் புகுந்து, 500 கட்டைகளை வெட்டி அடையாளமிட்டு நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். எந்தெந்த நாளில் விடுவேன் என்று பிறரைக்கொண்டு எழுதி அனுப்பிய கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கட்டைகள் வருகின்றனவா என்று பார்க்கக் கீழே அசாமில் யாரும் காத்திருக்கவில்லை. அந்தக் கட்டைகள் மிதந்து வரவேண்டிய வழி சியாங்தான். நீங்கள் பாசிகாட்டில் பார்க்கும் அதே ஆறு. 1884இல் திரும்பி வந்து அவர் வாயால் சொன்னதைப் பலரும் நம்பவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து பெய்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி நடந்துபோய்ப் பார்த்தபோது பெரும்பகுதி சரியாக இருந்தது.

பெரியவரிடம் அவருடைய ஊரின் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லி, காதில் விழுகிறபடியே எழுதி அனுப்புங்கள். அந்த அதிகாரிகள் அதை எப்படியெல்லாம் திரித்து எழுதியிருக்கக் கூடும் என்று வைத்துக்கொண்டு மெக்கன்சியிலும் ரீடிலும் நானும் தேடிப் பார்க்கிறேன்.