தூண்டில் கேள்வி-பதில்: வாளியில் இறால், கழியில் கொடுவா

கேள்வி: இரண்டு வருடமாகப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கரையில் தூண்டில் போடுகிறேன். மார்க்கெட் இறாலுக்குக் கெளுத்தியும் நண்டும்தான் வருகின்றன. கொடுவா மீனுக்கு உயிர் இறால்தான் வேண்டும் என்கிறார்கள். வாளியில் போட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் பாதி செத்துவிடுகிறது. மீதி, வீசும்போதே முள்ளிலிருந்து கழன்று போகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் பண்ணைக் குட்டையிலிருந்து உயிருள்ள வனாமி இறால் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– கடலூர் வாசகர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். பணம் கொடுத்தாலும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வனாமி நம் ஊர் இறால் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. 2009-இல்தான் இங்கே பண்ணைகளில் வளர்க்க அனுமதி கிடைத்தது. குட்டையில் இருக்கும்வரை அது ஒருவருடைய பிழைப்பு, அதில் எனக்கு வருத்தமில்லை. அதை உயிரோடு கழியில், அதாவது உப்பங்கழித் தண்ணீரில், விடுவதுதான் தப்பு. முள்ளில் குத்திய இறால் எல்லாம் மீன் வாய்க்குப் போவதில்லை. பாதி கழன்று தண்ணீருக்குள் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய கவலை நோய். 1994-இல் வெண்புள்ளி நோய் நம் இறால் குட்டைகளுக்கு வந்தது. அடுத்த வருடம் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குட்டை ஒன்றில் நானே பார்த்தேன். இறால்கள் தீனி எடுக்காமல் கரையோரம் வந்து ஒதுங்கின. ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஒரு வாரத்துக்குள் குட்டையே காலி. அந்த இறாலில் இரண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்து கழியில் தூண்டிலுக்கு வைத்தவன் நான். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. சாப்பிடும் மனிதரை அந்த நோய் ஒன்றும் செய்யாது. ஆனால் இறால், நண்டு எல்லாவற்றுக்கும் தொற்றும். ஐஸில் உறைய வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது. ஆஸ்திரேலியாவில் 2016 கடைசியில் லோகன் ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளில் இந்த நோய் வந்தபோது, கடையில் சமையலுக்கு வாங்கிய இறாலைத் தூண்டிலில் வைக்காதீர்கள் என்று அந்நாட்டு அரசு தூண்டில்காரர்களைக் கேட்டுக்கொண்டது. நம் கழியில் கிருமி ஏற்கெனவே இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இருந்தால் என்ன? இன்னொரு வாளியை நாம் ஏன் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்?

எந்தத் தண்ணீரில் தூண்டில் போடுகிறீர்களோ, அந்தத் தண்ணீரிலேயே இறால் பிடியுங்கள். மண் இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் எழுந்து நடமாடும். ஏறிய கடல் தண்ணீர் வற்றும்போது கால்வாய் வாயில் சின்னக் கண்ணி வீச்சுவலையை நாலு தடவை வீசினால் போதும். விரல் நீளத்தில் இருபது இறால் எடுத்துக்கொண்டு, பொடியை எல்லாம் திரும்ப விட்டுவிடுங்கள். கடலில் பொரித்து, கழிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போக வேண்டிய குஞ்சுகள் அவை.

சரி, வாளி விஷயம். பாதி செத்துப்போவதற்குக் காரணம் நெரிசலும் சூடும்தான். பதினைந்து லிட்டர் வாளியில் இருபதுக்கு மேல் போடாதீர்கள். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், அதை உள்ளே விடுங்கள். வாளியை நிழலில் வைத்து ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஆற்றுத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு சட்டென்று குறைந்து இறால் துவண்டுவிடும், அதில் குளோரினும் இருக்கும். செத்ததை உடனே எடுத்துப் போடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் உடம்பு பால் போல வெளுக்கத் தொடங்கினால் அந்த இறால் தேறாது. அதைத்தான் முதலில் முள்ளில் வைக்க வேண்டும்.

குத்துகிற இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். இறாலின் தலையில் ரம்பம் போன்ற கொம்பு இருக்கிறதல்லவா? அதற்குப் பின்னால், ஓட்டுக்குள் கறுப்பாக ஓர் இடம் தெரியும். முள் அதைத் தொட்டால் இறால் அப்போதே முடிந்தது. கொம்புக்கு அடியில், அந்தக் கறுப்புக்கு முன்னால், ஓட்டை மட்டும் பிடித்துக் குறுக்கே குத்துங்கள். நீரோட்டம் வேகமாக இருந்தால் வால் விசிறிக்கு முந்தின கடைசிக் கணுவில் குத்தலாம். முள் மெல்லிய கம்பியாக இருக்கட்டும், தடித்த முள் ஓட்டைப் பிளந்துவிடும். அப்புறம், தோளுக்கு மேலே சுழற்றி வீசாதீர்கள். பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிவிடுவது போல் போடுங்கள். சின்ன ஈயம் போதும். இறால் பயந்தால் வாலை அடித்துப் பின்பக்கமாகத் துள்ளும். அந்தத் துள்ளலுக்குத்தான் கொடுவா வருகிறது. கனத்த ஈயத்தைக் கட்டித் தரையோடு அழுத்திவிட்டால் மறுபடி கெளுத்திதான்.

கேள்வி: கொடுவா கடித்ததும் இழுத்தேன், தூண்டில் நரம்பு அறுந்துபோனது. இரண்டு முறை இப்படி. ஏன்?
– சிதம்பரம் வாசகர்

பதில்: கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. அது துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய நரம்பு அதில் உரசி அறுந்துவிடும். முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பாகக் கட்டுங்கள், நாற்பது பவுண்டு இழுப்பையாவது தாங்குவதாக இருக்கட்டும். மீனைத் தூக்கும்போது செவுளுக்குள் விரலை விடாதீர்கள். இன்னொன்று: கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியது கிடைத்தால் அது அநேகமாகச் சினைபிடிக்கும் தாய்மீன். நான் அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் யோசியுங்கள்.

கேள்வி: பிச்சாவரம் போனபோது இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்தபடி, வாயில் ஓலைப் பையைக் கவ்விக்கொண்டு எதையோ தேடுவதைப் பார்த்தேன். அவர்கள் யார்?
– விழுப்புரம் வாசகி

பதில்: இருளர் பழங்குடிப் பெண்கள். அந்தப் பைக்குப் பறி என்று பெயர். வலையில்லை, தூண்டிலில்லை. சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தடவிக்கொண்டிருப்பதால்தான் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். இறால் பின்பக்கம் துள்ளும் என்பதால் ஒரு கையை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறு கையால் முன்னால் தொட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது கிள்ளைப் பக்கத்து இருளர் பாட்டி ஒருவர். நான் நாள் முழுக்கத் தடவி ஏழு இறால் பிடித்தேன். அதற்குள் அவருடைய பறி இரண்டு தடவை நிறைந்திருந்தது. வாளிக்கு இறால் வேண்டுமென்றால் நான் இப்போதும் அங்கே போய் அவர்களிடம்தான் வாங்குகிறேன், அவர்கள் சொல்லும் விலைக்கே. நீங்கள் படகில் போகும்போது அவர்கள் தடவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேகமாகப் போக வேண்டாம் என்று படகோட்டியிடம் சொல்லுங்கள். தண்ணீர் கலங்கினால் இறால் ஓடிவிடும்.